மாற்றாமல் விட்ட பாட்டு: மதுரையில் ஒரு பாட்டு வரிசை தயாரித்த அனுபவம்

ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரவு ஒத்தக்கடையில் ஒரு காதுகுத்து விழாவை முடித்துவிட்டு வந்த ரேடியோ செட் நண்பர், சட்டைப்பையிலும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளும் கிடந்த துண்டுச்சீட்டுகளைத் திரட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். விழாவுக்கு வந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய பாட்டை எழுதி அவரிடம் நீட்டிய சீட்டுகள் அவை. அந்த மாதம் முழுக்க அவர் எனக்காகச் சேர்த்துவைத்திருந்த மற்றச் சீட்டுகளோடு அவற்றையும் கலந்து எண்ணியபோது, அதிகமாகக் கேட்கப்பட்ட பத்துப் புதிய பாட்டுகளில் ஏழு, ஊரில் எந்தப் பாட்டு அதிகம் ஓடுகிறது என்று பதினான்கு வாரம் அலைந்து நான் தயாரித்த வரிசையின் முதல் பத்துக்குள் இருந்தன. வைகாசியிலும் ஆனியிலும் அவருக்கு வந்த சீட்டுகளோடு என் முதல் பட்டியலை ஒப்பிட்டபோது பத்துக்கு இரண்டுதான் தேறியிருந்தது. இரண்டு ஏழாக மாறிய வழியில் நான் செய்த பிழைகளை, நோட்டு கையில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

நான் 1986 முதல் 2004 வரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கேசட் பதிவுக் கடை நடத்தியவன். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டு, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதினெட்டு என்று கணக்கு. வாடிக்கையாளர்கள் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிவரும் பட்டியலைப் பார்த்துப் பதிவு செய்து கொடுப்பது தொழில். ஊரில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காசு கொடுத்துக் கேட்ட பாட்டெல்லாம் என் மேசைமேல் தாளாகக் கிடந்தது. வேலை முடிந்ததும் அந்தத் தாள்களிலேயே கேசட்டைச் சுற்றிக் கொடுத்தனுப்பினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இப்போது சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் மாலையில் கடைக்கு வந்து உதவுவான். வைகாசிக் கடைசியில் ஒரு நாள், யூடியூப்பில் கோடிக்கணக்கில் பார்வை பெற்ற ஒரு பாட்டைக் காட்டி, "இதுதான் மாமா இப்ப நம்பர் ஒன்" என்றான். அந்தப் பாட்டு ஊரில் ஒரு டீக்கடையிலும் என் காதில் விழுந்ததில்லை. சிங்கப்பூரில் இருப்பவனும் சேலத்தில் இருப்பவனும் சேர்ந்து பார்த்த கணக்கை வைத்துக்கொண்டு, சிம்மக்கல்லுக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே என்ன ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "அப்ப நீங்களே எண்ணிக் காட்டுங்க" என்றான். அப்படித்தான் தொடங்கியது.

முதல் இரண்டு வாரம் கேள்வி கேட்டே கழிந்தது. ஏ4 தாளை நான்காக வெட்டி, "இந்த வாரம் உங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டுகள்" என்று அச்சடித்து, என் கடையிலும் பக்கத்து டீக்கடையிலும் வைத்தேன். அறுபத்து நான்கு சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றில் 171 பெயர்கள். அதில் வெவ்வேறு பாட்டுகள் மட்டும் 109. முதலிடம் பிடித்த பாட்டுக்கு ஆறு ஓட்டுகள்தான். அதைவிட மோசம், பாதிக்கு மேல் முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய மெல்லிசைப் பாட்டுகள். டீக்கடையில் தினமும் குத்துப்பாட்டுக்கு மேசையைத் தட்டும் ஒருவர், சீட்டில் மூன்று சோகப் பாட்டுகளை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். பேனாவைக் கையில் கொடுத்தவுடன் மனிதர்கள் தங்கள் ரசனையின் பட்டுவேட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

சரி, கடைக்காரரைக் கேட்போம் என்று எதிரே இருக்கும் மொபைல் கடைக்குப் போனேன். பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் பாட்டு ஏற்றித் தருகிறவர் அவர். எண்ணமே தவறில்லை, இலண்டனில் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை 1952 நவம்பர் 14 அன்று வெளியிட்ட, பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனை வரிசையே ஏறக்குறைய இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டு எழுதியதுதான். அதற்கு அடுத்த மாதம் ரேடியோ சிலோனில் அமீன் சயானி தொடங்கி, பின்னர் இந்திப் பாட்டு வரிசையாகப் பெயர் பெற்ற 'பினாகா கீத்மாலா'வும் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் நம்பியே ஓடியது. ஆனால் கடைக்காரர் வாயால் சொல்லும் கணக்கில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கில் தேங்கிக் கிடந்த கேசட்டை எடுத்து, "இதுதாண்ணே இப்பப் பறக்குது" என்று தள்ளிவிட்ட கை இது. அமெரிக்காவிலும் 1991 வரை பில்போர்டு பத்திரிகை கடை ஊழியர்கள் சொன்னதை வாங்கித்தான் ஆல்பம் வரிசை போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறி, பில் போடும் இடத்தில் பார்கோடு வழியாகவே விற்பனையை எண்ணத் தொடங்கியதும், அதுவரை கீழே கிடந்த கன்ட்ரி, ராப் ஆல்பங்கள் மளமளவென்று மேலே ஏறின. மொபைல் கடைக்காரர் எனக்குச் சொன்ன பத்துப் பாட்டில் ஆறு, அந்த வாரம் அவர் கணினியில் புதிதாக இறக்கிவைத்தவை.

மூன்றாம் வாரத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டுக் காதால் எண்ண முடிவு செய்தேன். கருவிகள்: நீளவாக்கு நோட்டு ஒன்று, கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச், பெயர் தெரியாத பாட்டை அடையாளம் காண ஷாசாம் செயலி, அம்மன் சன்னதித் தெருவில் 120 ரூபாய்க்கு வாங்கிய, நாமம் சொல்லும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் எண்ணி. கடைசிக் கருவி வீண் செலவு. மொத்தம் எத்தனை பாட்டு என்று அது சொல்லுமே தவிர, எந்தப் பாட்டு என்று சொல்லாது. இரண்டு நாளில் என் மனைவி அதைப் பூஜை அறைக்கு எடுத்துக்கொண்டாள். ஷாசாம் நன்றாகவே உழைத்தது, ஆனால் ஆட்டோவில் ஸ்பீக்கருக்கு அருகே கைபேசியை நீட்டினால்தான் பிடிக்கும். ஒவ்வொரு புதிய பாட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரை எழுதிக்கொண்டேன். ஓடும் வண்டியில் பெயர் எழுதினால் பிறகு நமக்கே புரியாது, எண் புரியும்.

எண்ணிய இடங்கள் மூன்று. சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி போகும் ஷேர் ஆட்டோக்கள், பக்கத்து டீக்கடை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆரப்பாளையத்தில் ஏறி உசிலம்பட்டியில் இறங்கும் தேனித் தனியார் பேருந்து. ஆட்டோவில் ஒரு நடைக்குச் சுமார் ஐந்து பாட்டு ஓடும்.

பழைய பாட்டுகளை என்ன செய்வது என்ற கேள்வி முதல் நாளே வந்தது. பேருந்தில் உசிலம்பட்டி வரை இளையராஜா ஒருவர்தான். அவரையும் சேர்த்து எண்ணினால் முதல் இருபது இடங்களில் வேறு யாருக்கும் நிற்க இடம் கிடைக்காது. பில்போர்டு ஹாட் 100 வரிசையில், இருபது வாரம் இருந்த பாட்டு ஐம்பதாம் இடத்துக்குக் கீழே இறங்கினால் நீக்கிவிடும் விதி வெகுகாலம் நடைமுறையில் இருந்தது. நான் அவ்வளவு நுணுக்கத்துக்குப் போகாமல், ஓராண்டுக்கு மேற்பட்ட பாட்டுகளைத் தனிப் பக்கத்துக்கு மாற்றினேன். ஆடி பிறந்ததும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளுக்காக இன்னொரு பக்கம் திறக்க வேண்டியதாயிற்று.

நான்கு வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது பட்டியல் மிகத் தெளிவாக வந்தது. எண் 4 தனியாக முதலிடத்தில் நின்றது. இரண்டாம் இடத்துக்கும் அதற்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். எனக்கு ஒரே பெருமை. ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை, நான் ஏறிய ஆட்டோ கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்னால் நின்று, ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு யாரிடமோ சில்லறை வாங்கப் போனார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார்; எண் 4 ஓடியது. சிம்மக்கல்லில் கிளம்பியபோது ஓடியதும் எண் 4 தான். "இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்குமோ?" என்று கேட்டேன். "அட போங்கண்ணே, வண்டிய ஆஃப் பண்ணா இந்த செட்டு மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கும். இதக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்றார்.

விலை மலிவான பல யூஎஸ்பி பிளேயர்களுக்கு நினைவு கிடையாது. சாவியை அணைத்தால் நின்ற இடத்தை மறந்துவிட்டு முதல் பாட்டுக்கே போகும். சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜினை அணைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ஷேர் ஆட்டோவில், பென்டிரைவின் முதல் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரு நாளைக்கு முப்பது தடவை ஓடும். பதினைந்தாவது பாட்டுக்கு முறை வரவே வராது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, அந்த ஓட்டுநர் பாட்டு ஏற்றிய அதே கடையில் புதிய 8 ஜிபி பென்டிரைவ் வாங்கிப் பாட்டும் ஏற்றிக்கொண்டேன், 350 ரூபாய். வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தால், முதல் கோப்பு என் முதலிடப் பாட்டு, மூன்றாம் கோப்பு என் இரண்டாம் இடப் பாட்டு. நான் நான்கு வாரம் எண்ணியது ஊரின் விருப்பத்தை அல்ல, ஒரு கடைக்காரர் கோப்புகளுக்குப் பெயர் வைத்த வரிசையை. அந்த நான்கு வாரத்தில் தேறியது டீக்கடைக் கணக்கு மட்டும்தான்.

டீக்கடைக் கணக்கையும் அடுத்த இரண்டு வாரத்தில் நானே கெடுத்தேன். அதுவரை சேர்ந்ததை வைத்து முதல் பத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, "சிம்மக்கல் டாப் 10" என்று தலைப்பிட்டு டீக்கடைத் தூணில் ஒட்டினேன். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. மூன்றாம் நாளே டீ குடிக்க வந்தவர்கள், "நம்பர் ஒண்ணப் போடுங்க, அது என்னன்னு கேப்போம்" என்று ஆரம்பித்தார்கள். மாஸ்டரும் பட்டியலைப் பார்த்தே போட்டார். ஒன்பதாம் இடத்தில் இருந்த எண் 22, பட்டியலைப் பார்த்த ஒருவர் அது தன் ஊர்க்காரர் பாடியது என்று தினமும் கேட்டுப் போடச் சொன்னதால், பன்னிரண்டே நாளில் இரண்டாம் இடத்துக்கு வந்தது.

இதைச் சொன்னபோது அக்கா மகன் ஓர் ஆய்வைத் தேடிக் காட்டினான். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. யாரும் அறியாத 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கச் செய்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் பிறர் எத்தனை முறை இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டாமல் வைத்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்திருந்தார்கள். அங்கே ஜெயித்த பாட்டு மேலும் பெரிதாக ஜெயித்தது, ஆனால் ஓர் உலகத்தில் ஜெயித்தது இன்னோர் உலகத்தில் ஜெயிக்கவில்லை. மிக நல்ல பாட்டு அடியில் கிடப்பதும் மிக மோசமான பாட்டு உச்சிக்கு வருவதும் அபூர்வம். நடுவில் உள்ளவை எங்கும் போய் நிற்கலாம். என் எண் 22 நடுவில் இருந்த பாட்டு. தூணிலிருந்து பட்டியலைப் பிய்த்தெடுத்தேன்; லேமினேஷனோடு பெயின்டும் வந்துவிட்டதால் மாஸ்டரிடம் திட்டும் வாங்கினேன். அந்த இரண்டு வாரக் கணக்கை அப்படியே அடித்துவிட்டேன்.

ஒன்பதாம் வாரம் ஒரு நாள் ஆட்டோவின் முன்இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு வாரமும் எனக்குத் தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது: ஓட்டுநரின் இடது கை. ஒரு பாட்டு ஆரம்பித்ததும் கை பிளேயரை நோக்கிப் போகும்; பிடிக்காவிட்டால் பொத்தானை அழுத்தி அடுத்த பாட்டுக்குத் தாவும். அன்று புதிதாக ஒன்று ஆரம்பித்தது. கீபோர்டில் மெதுவான தொடக்கம். கை எழுந்தது, பொத்தானுக்கு ஒரு விரற்கடை மேலே வந்தது. அப்போது உருமி விழுந்தது. கை அங்கேயே நின்றது; ஒரு தாள வட்டம் முழுக்க நின்றது; பிறகு பொத்தானைத் தொடாமல் ஒலிக் குமிழைத் திருப்பிவிட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. அதுதான் எண் 31. எத்தனை தடவை ஓடியது என்பதை விட, மாற்ற முடிந்தும் மாற்றாமல் எதை விட்டார் என்பதையே எண்ண வேண்டும் என்று அந்தக் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

மதிப்பெண் இப்படி வைத்தேன். முழுதாக ஓட விட்டால் 1. ஒலியைக் கூட்டினால் மேலும் 1. திரும்பப் போட்டால் மேலும் 2. பாதியில் மாற்றினால் 1 கழிவு. சாவி திருப்பியவுடன் வரும் முதல் இரண்டு பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. ஒரே வண்டியில் ஒரே நாளில் ஒரு பாட்டுக்கு ஒரு தடவைதான் மதிப்பெண். எவ்வளவு நேரம் ஓடினால் 'ஓடியது' என்று கொள்வது என்பதில் தகராறு. ஸ்பாட்டிஃபை முப்பது வினாடி கேட்டாலே ஒன்றாக எண்ணுகிறது என்பதால் அதையே வைக்கலாம் என்றான் அக்கா மகன். ஆறு வாரத்தில் வண்டிகளில் குறித்த 214 பாட்டுகளில் 86 மாற்றப்பட்டன. அவற்றில் 57 முதல் இருபது வினாடிக்குள். அதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் இடையிசை வரும் இடத்தில் மாற்றப்பட்டன; பல்லவி இரண்டு தடவை வந்து, முதல் சரணமும் முடிந்து, இனிமேல் புதிதாக ஒன்றும் வராது என்று கைக்குத் தெரிந்துவிடும் இடம் அது. ஆகவே இரண்டாம் இடையிசையைத் தாண்டினால்தான் முழு ஓட்டம் என்று கோடு போட்டேன். கேசட் காலத்தில் மாற்றுவதற்கு ஃபார்வர்ட் பட்டனை அழுத்திக் காத்திருக்க வேண்டும். அந்தச் சோம்பலிலேயே எத்தனையோ பாட்டுகள் பிழைத்துக்கொண்டன. இப்போது ஒரு பாட்டுக்கு உயிர்ப்பிச்சை இருபது வினாடி.

முதல் பத்தில் வந்த பாட்டுகளை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தபோது, எட்டில் தாளமோ குரலோ பதினைந்து வினாடிக்குள் வந்துவிட்டது. ஆனால் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். மாற்றப்பட்ட பாட்டுகளிலும் அதுபோலத் தொடங்கியவை நிறைய இருந்தன. எண் 31-க்கோ உருமி விழ 19 வினாடி ஆகிறது. அந்த ஓட்டுநரின் கை ஒரு நொடி முன்னதாகப் போயிருந்தால் எனக்கு அந்தப் பாட்டே தெரிந்திருக்காது.

எண் 31-ஐ மட்டும் கடைசி வரை தொடர்ந்தேன். ஒன்பதாம் வாரம் இரண்டு ஆட்டோவில்; பத்தாம் வாரம் ஏழு ஆட்டோவிலும் டீக்கடையிலும்; பதினொன்றாம் வாரம் உசிலம்பட்டிப் பேருந்தில், இளையராஜாவுக்கு நடுவே, நடத்துநர் தன் கைபேசியை இணைத்துப் போட்டார். பன்னிரண்டாம் வாரம் யானைக்கல் அருகே ஒரு மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட்டுக்காரர்கள் வாசித்தார்கள். கிளாரினெட்காரருக்குப் பல்லவி மட்டும்தான் பாடம்; அதையே நான்கு தடவை வாசித்துவிட்டு, சரணம் வர வேண்டிய இடத்தில் பழைய பாட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டார். ஷாசாம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. முன்னால் ஆடிய சிறுவர்கள் முதல் நான்கு சுரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பதினான்காம் வாரம் ஆட்டோக்களில் அதை மாற்றத் தொடங்கிவிட்டார்கள், காதுகுத்துச் சீட்டுகளில் அதுதான் முதலிடம். ஆட்டோவிலிருந்து விழாப் பந்தலுக்கு ஒரு பாட்டு நடந்து போக நான்கைந்து வாரம் ஆகிறது என்று குறித்துவைத்திருக்கிறேன். ஒரே பாட்டை வைத்துச் சொல்வதால் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.

செலவு: ஷேர் ஆட்டோ 62 நடைக்கு 20 ரூபாய் வீதம் 1,240; பேருந்து எட்டு நடைக்கு 35 வீதம் 280; டீ 112-க்கு 15 வீதம் 1,680; நோட்டு இரண்டு 140; விரல் எண்ணி 120; பென்டிரைவ் 350. ஆகமொத்தம் 3,810 ரூபாய். லேமினேஷன் சொந்தக் கடை என்பதால் சேர்க்கவில்லை. தூணுக்குப் பெயின்ட் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டது இன்னும் பாக்கி.

அடுத்த முறை முதல் நாளிலிருந்தே முன்இருக்கைக்காகக் காத்திருப்பேன். பட்டியலை எங்கும் ஒட்ட மாட்டேன். ஒரே மொபைல் கடையில் பாட்டு ஏற்றும் ஆட்டோக்களை ஒரே வண்டியாக எண்ணுவேன். ஆனால் பெரிய ஓட்டை, சீட்டுகளில் இருந்தும் என் பட்டியலில் முப்பதாவது இடத்துக்குள்கூட வராத அந்த மூன்று பாட்டுகள். ரேடியோ செட் நண்பர் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பொம்பளைக குடுத்து விட்ட சீட்டுண்ணே. சின்னப் பிள்ளைக கையில குடுத்தனுப்புவாக" என்றார். ஆட்டோ ஓட்டுநர், டீ மாஸ்டர், பேருந்து நடத்துநர். பதினான்கு வாரமும் நான் எண்ணியது ஆண்களின் கையை மட்டுமே.

இந்தப் புதன்கிழமை செல்லூரில் தெரிந்த தையல் கடைக்கு நோட்டோடு போனேன். நான்கு மெஷின், சுவரில் எஃப்எம் ரேடியோ. "உக்காந்து எழுதிக்கங்கண்ணே, ரேடியோவ மட்டும் தொடாதீக" என்றார் கடைக்கார அம்மா. எஃப்எம்மில் பாட்டை மாற்ற முடியாது, ஒலிக் குமிழ் எட்டாத உயரத்தில் இருக்கிறது; ஆகவே என் மதிப்பெண் முறை அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நூல் அறுந்ததற்கும், ஊசி முறிந்ததற்கும், அளவு ரவிக்கையைத் தேடியதற்கும் மெஷின்கள் நின்றன. பிறகு, சீட்டில் இருந்த அந்த மூன்றில் ஒரு பாட்டு வந்தது. ஓரத்து மெஷினில் இருந்த பெண், கையில் துணியும் ஊசியில் நூலும் சரியாக இருக்கும்போதே மிதியிலிருந்து காலை எடுத்தார். பல்லவி முடிந்ததும் மறுபடி மிதித்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'நி' என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டேன்.